துலுக்கப்பட்டிக்கு முன்னால் கடல்

1952-ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சாத்தூரிலிருந்து விருதுநகர் போகும் காலைப் பாசஞ்சர், துலுக்கப்பட்டி வருவதற்கு முன்பாகவே கடற்கரையில் நின்றது. கரிசல் அந்த இடத்தோடு முடிந்துபோயிருந்தது. கிழக்குப் பக்க ஜன்னல்களுக்கு வெளியே பருத்திக்குப் பதிலாக நீலமாகத் தண்ணீர் கிடந்தது. அதன் ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த வீடுகளும் ஒரு படகுத்துறையும், மேட்டின்மேல் கூரையில்லாமல் நின்ற கல்தூண்களும் இருந்தன. வண்டியிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வத்தல் ஏலத்துக்குப் போகிறவர்கள், இப்படி நின்றால் நல்ல சரக்கெல்லாம் போய்விடும் என்று கோபித்தார்கள். இறங்கியது ஒருத்திதான். சாத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஞானஜோதி.

கார்டு பலவேசம் பச்சைக் கொடியோடு ஓடிவந்தார். "எம்மா, இது ஸ்டேஷன் இல்ல. ஏறுங்க."

"நீங்க போங்க அண்ணாச்சி. சாயங்கால வண்டியில திரும்பி வர்றப்ப ஏத்திக்கிடுங்க."

பலவேசம் யோசித்தார். அந்த அம்மாவிடம் விருதுநகர் வரைக்கும் டிக்கெட் இருந்தது. வழியில் கடல் வந்தால் இறங்கக்கூடாது என்று எந்த விதியும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. விசிலை ஊதினார்.

அவள் இறங்கியதற்குக் காரணம் இருந்தது. புருஷன் சுந்தர்ராஜ் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். கல்யாணமான மறுமாதம் கப்பலேறினான். யுத்தம் முடிகிற சமயம் அவனுடைய படை கிரீஸ் தேசத்தில் கிடந்தது. அங்கே ஒரு மத்தியானம், பக்கத்திலிருந்த பழைய இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. செத்தான் என்றும் பட்டாளத்தார் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. அதனால் அவளுக்குத் தாலியைக் கழற்றவும் முடியவில்லை, பூ வைத்துக்கொள்ளவும் கை வரவில்லை. படகுத்துறையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் "கிரீஸா?" என்று கேட்டாள். அவர் "நே" என்றார். இல்லை என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். அந்த ஊரில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல் என்று பிறகு விளங்கியது. இல்லை என்பதற்கு மட்டும் நம்மூர்க்காரர்களைப் போலவே நாக்கைத் தட்டித் தலையை மேலே தூக்கினார்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் பாசஞ்சர் அங்கே நின்றது. கரை மட்டும் ஒவ்வொரு வாரமும் வேறாக இருந்தது. ஒரு வாரம் எலுமிச்சை மரங்கள் அடர்ந்த துறைமுகம். ஒரு வாரம் மலைச்சரிவில் வட்டமாகச் செதுக்கிய கல்படிகள். அவற்றில் ஆடுகள் மேய்ந்தன. இன்னொரு வாரம் உடைந்து விழுந்த தூண்கள், லாரிக்குக் காத்திருக்கும் பஞ்சுப் பொதிகள்போல வரிசையாகக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பேராக மட்டும் கேட்டிருந்த பட்டணங்களில் அவள் தெருத்தெருவாக நடந்தாள். சுந்தர்ராஜின் போட்டோவை மீன்காரர்களிடமும் ரொட்டி சுடுகிறவர்களிடமும் காட்டினாள். நாக்கைத் தட்டினார்கள். ஒரு கிழவி, அந்த ஊர் விதவைகளின் வழக்கப்படி தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுத்தியிருந்தவள், ஞானஜோதியின் வெள்ளை நர்ஸ் சேலையைத் தொட்டுப் பார்த்து, கல்யாணமா என்று சைகையில் கேட்டாள். ஞானஜோதி சேலையை விடுவித்துக்கொண்டு, போட்டோவை அவளிடமும் நீட்டினாள்.

விருதுநகர் எண்ணெய் வியாபாரி காளிராஜ் ஒருமுறை கூடவே இறங்கி, அங்கத்து எண்ணெயை நாக்கில் விட்டுப் பார்த்து, "கசக்கு. விளக்குக்குத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு அதே வண்டியில் ஏறிக்கொண்டார். மற்றவர்களுக்கு அந்தக் கரையில் வேலை இல்லை. சாயங்கால வண்டியில் அவள் ஏறும்போது, சேலையிலிருந்து மணல் உதிர்கிறதென்று பக்கத்திலிருப்பவர்கள் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்கள். குவார்ட்டர்ஸுக்கு வந்து சேலையை அலசுவாள். தண்ணீர் உப்புக் கரிக்கும். எங்கே போய் வந்தாய் என்று கேட்க அந்த அறையில் ஆள் இல்லை.

விருதுநகரில் இன்பராஜ் என்று ஒரு வாத்தியார் இருந்தார். மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர். அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று போதகரிடம் சொல்லியிருந்தார். இத்தனை வருஷம் ஆனபின் தடையில்லை என்று போதகரும் சொன்னார். "கொஞ்சம் பொறுங்க சார். தேடி முடிச்சிருதேன்" என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவர் பொறுத்தார்.

1958-இல் சுந்தர்ராஜ் கிடைத்தான். கடலைப் பார்த்த கல்படி ஒன்றில் உட்கார்ந்து, பூட்ஸுக்குள் விழுந்த கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. கப்பலேறியபோது இருந்த அதே முகம், அதே வயசு. ஞானஜோதி இரண்டு படிக்குக் கீழே நின்றாள். அவன்தான் எழுந்து முதலில் பேசினான்.

"அக்கா, சேலையப் பாத்தா நம்மூரு மாதிரி இருக்கே. எந்தூரு நீங்க?"

"சாத்தூரு" என்றாள்.

"ஆத்தாடி! எம் பொண்டாட்டியும் அங்கனதான் ஆஸ்பத்திரியில வேலை பாக்கா. ஞானஜோதின்னு பேரு. தெரியுமா?"

"நாந்தான் ஜோதி" என்றாள்.

அவன் கல்லெல்லாம் எதிரொலிக்கச் சிரித்தான். "விளையாடாதீக அக்கா. அவ சின்னப்புள்ள. கடலையே பாத்ததில்ல. ஊருக்குப் போனதும் தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போவணும்." பிறகு உற்றுப் பார்த்து, "சாடை இருக்கு. அவளுக்குச் சொந்தமோ?" என்று கேட்டான்.

"ஆமா. சொந்தந்தான்."

கையோடு கொண்டுபோயிருந்த சேவுப் பொட்டலத்தைப் பிரித்து அவன் முன் வைத்தாள். பசியோடு தின்றான். அவனுக்கு அது இன்னும் அந்த மத்தியானம்தான். அஞ்சு மணிக்கு லாரி வரும், பிந்தினால் ஹவில்தார் தோலை உரித்துவிடுவார் என்றான். என்னோடு ரயிலுக்கு வா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். "பட்டாளத்த விட்டுட்டு ஓடுனா சுட்டுருவாக, அக்கா" என்றான். அவள் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்துக்கொண்டு வந்தால் அவன் சாத்தூரில் இறங்கி யாரைத் தேடுவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுவாரம் இன்பராஜிடம் போய், "அவரு இருக்காரு" என்றாள்.

"எப்ப வருவாரு?"

"சாயங்காலம் லாரி வந்ததும்."

இன்பராஜ் அவளை வாசல்வரை வந்து வழியனுப்பினார். அடுத்த வருஷம் நாசரேத் பக்கம் பெண்ணெடுத்தார். அந்தக் கல்யாணத்துக்குப் போய் இலைக்குத் தண்ணீர் வைத்தது ஞானஜோதிதான். அன்று குவார்ட்டர்ஸுக்கு வந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் கரை ஒன்றாகவே இருந்தது. அவள் படியேறிப் போவாள். "இப்பத்தான போனீக, அதுக்குள்ள சுத்திப் பாத்தாச்சா?" என்று அவன் கேட்பான். சாத்தூரில் ஒரு வாரம் ஆகியிருக்கும். ஜோதியைப் பற்றி அவளிடமே பேசுவான். அவளுக்குக் கோபம் சட்டென்று வரும் என்பான். அவள் எப்படிச் சிரிப்பாள் என்று சொல்வான். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்க அவளுக்கும் ஆசையாக இருந்தது. வெயில் அங்கேயும் நகரத்தான் செய்தது. 1961-இல் தூணின் நிழல் அவன் பூட்ஸைத் தொட்டது. கண்மாய்கள் வறண்டுபோன வருஷத்தில் முழங்காலுக்கு ஏறியது. பலவேசம் ஓய்வுபெற்றார். அடுத்து வந்த கார்டு நாகையாவிடம், சனிக்கிழமை கடலுக்கு ஓர் அம்மா இறங்குவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாகையா சரி என்றார்.

1969-இல் அவளுக்கு நெற்றியோரம் நன்றாக நரைத்திருந்தது. வார்டில் நின்று நின்று கால் வீங்கியிருந்தது. அந்தச் சனிக்கிழமை ஒவ்வொரு படியாக மூச்சு வாங்கி ஏறினாள். சுந்தர்ராஜ் இறங்கி வந்து கைத்தாங்கலாகப் பிடித்து மேலே கூட்டிப்போனான். தன் கைக்குட்டையால் கல்லைத் தட்டிவிட்டு, "இப்படி உக்காருங்கம்மா. எங்கம்மாவுக்கும் இதே கால்வலிதான்" என்றான். அக்கா என்று கூப்பிடவில்லை.

"சரிப்பா" என்று சொல்லி, அவன் தட்டிவிட்ட இடத்தில் உட்கார்ந்தாள். ரயில் வரும்வரை இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.