பகாவ் பினால்டி

பாடை கட்டிப் பூவும் சுற்றியாகிவிட்டது. தூக்கத்தான் ஆள் குனியவில்லை. பறையடிப்பவர்கள் இரண்டு தடவை உச்சத்துக்குப் போய், யாரும் அசையாததால் வெட்கப்பட்டு இறங்கி வந்தார்கள்.

நீலாவதி புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள். தோட்டத்துப் பந்து டீம், ஒரு ஆள் குறையாமல், ரம்புத்தான் மரத்தடியில் கைகட்டி நின்றது. தோள் உரமுள்ள ஆம்பளைகள் என்றால் அவர்கள்தான். மற்றவர்கள் கிழவர்கள். சொந்தமென்று கெமாஸிலிருந்து வந்திருந்த கொழுந்தன் ராமகிருஷ்ணன் கையில் கொள்ளிச்சட்டி.

மணி நாலு. ஐந்துக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து லய வீடுகளைச் சுற்றி அரசாங்கம் முள்கம்பி போட்டிருந்த வருஷம் அது. சுடுகாடு கம்பிக்கு வெளியே. காட்டுக்கு ஒரு பிடி அரிசி போகக்கூடாதென்று சட்டம். அதனால் வாய்க்கரிசியை வீட்டிலேயே போட்டாகிவிட்டது. பூட்டிவிட்டால் பிணம் விடியும்வரை இங்கேதான். வெயிலோ சொல்லி மாளாது.

செத்தவர் மாயாண்டி, ரெஃப்ரீ. ரப்பர் பால்வெட்டுக் கத்தியைப் போட்டுவிட்டுச் சம்பளத்துக்கு விசில் ஊதிய ஒரே ஆள் நம் பக்கத்தில் அவர்தான். லிங்கியிலிருந்து கெமாஸ்வரை, லாரி எரிந்துகிடந்த ரோட்டிலும், கறுப்புச் சட்டை மடிப்புக் கலையாமல் சைக்கிளில் போய் வருவார். ஊரடங்குக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆட்ட நேரத்தைக் கூட்டிக் கொடுத்து, இரண்டு டீமையும் பூட்ஸோடு வீட்டுக்கு ஓடவைத்த புண்ணியவான். இன்று காலை ஓர் ஆட்டத்துக்குப் புறப்பட்டு, பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

"என்னப்பா தங்கராஜு, பொழுது போகுதுல்ல?" என்றான் ராமகிருஷ்ணன்.

கோல்கீப்பர் தங்கராஜுதான் டீமுக்கு வாய். "தூக்க மாட்டேன்னு சொல்லல லா. பகாவ்ல குடுத்த பினால்டி தப்புன்னு அண்ணன் ஒரே ஒரு வாட்டி சொல்லியிருக்கணும்."

"செத்தவரு எப்படிப்பா சொல்லுவாரு?"

"உசிரோட ரெண்டு வருஷம் இருந்தாருல்ல?"

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் பகாவ் டவுன் பாடாங் மைதானத்தில் இறுதி ஆட்டம். கடைசி நிமிஷம். பேக் ஆடுகிற சன்னாசியின் கையில் பந்து பட்டதென்று மாயாண்டி சொந்தத் தோட்டத்துக்கு எதிராகவே பினால்டி கொடுத்தார். கப்பு போனது. அன்றிலிருந்து டீம்காரன் ஒருத்தன் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. கண்ணை ஒரு நிமிஷம் மூடியிருக்கக் கூடாதா என்று நீலாவதியே சண்டை போட்டிருக்கிறாள். "மூடிக்கிறதுக்கா சம்பளம்?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்.

மரத்தடியில் மறுபடி அந்த ஆட்டம் தொடங்கியது. "பந்து இங்கிட்டு வருது. சன்னாசி இங்க நிக்கிறான். அண்ணன் எங்க நின்னாரு?" என்று ஒருவன் பாடையையே கைகாட்டினான். சன்னாசி மட்டும் அநியாயமாகப் பழி சுமந்தவன் முகத்தோடு, இரண்டு வருஷப் பழக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டான்.

நாலரை.

நீலாவதி எழுந்து வாசலுக்கு வந்தாள். "காலையில சொன்னாருப்பா."

பறை நின்றது.

"'பகாவ்ல தப்பா ஊதிட்டேன் நீலா'ன்னாரு. அதுதான் கடைசிப் பேச்சு."

கடைசிப் பேச்சு, கஞ்சியில் உப்புப் பத்தவில்லை என்பது. அதை இவர்களிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

தங்கராஜு துண்டை இடுப்பில் இறுக்கினான். "கேட்டீங்களாடா? அப்பவே சொன்னேன்ல? வாங்கடா, தூக்குவோம்."

சன்னாசி அசையவில்லை. முகம் ஒரு மாதிரி கோணியது. பிறகு பெண்கள் பக்கத்தையே தோற்கடிக்கிற மாதிரி ஓவென்று அழுதான்.

"பட்டுச்சுடா! இந்தக் கையிதான். தெரிஞ்சேதான் தட்டினேன். அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாகப்போற நேரத்துல என் மானத்தக் காப்பாத்தப் பொய் சொல்லிட்டுப் போயிட்டாரே!"

தங்கராஜு அவனை மேலும் கீழும் பார்த்தான். "அப்ப ஒன்னத் தேத்தறேன்னு ரெண்டு வருஷமா ஊத்திக் குடுத்தோமே கள்ளு?"

"அதுவும் தெரிஞ்சேதான் குடிச்சேன்."

அடி விழுந்திருக்கும். பிணம் இருக்கிற இடமென்று விட்டார்கள். "அண்ணன் தெய்வம்டா" என்றான் ஒருவன். "ஒருத்தனுக்காகத் தன் பேரையே கெடுத்துக்கிட்டாரு பாரு" என்றான் இன்னொருவன். நீலாவதி வாயைத் திறந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

முன்மூங்கில் சன்னாசிக்கு. தூக்கினார்கள். இரண்டு வருஷக் கோபம் எடையில் தெரியவில்லை, ஏறக்குறைய ஓடினார்கள். கேட்டுக் காவல்காரன் தலைகளை எண்ணி, திரும்பும்போது அதே கணக்குக்குத் திறப்பதாகச் சொல்லி வெளியே விட்டான். செம்மண் ரோட்டில் திரும்பும்வரை பறைக்கு மேலே தங்கராஜு சன்னாசியைத் திட்டுகிற சத்தம் கேட்டது.

பெண்கள் நீலாவதியைக் குழாயடியில் உட்காரவைத்தார்கள். பக்கத்து வீட்டுத் தாயம்மா வாளியைத் தூக்கினாள். துக்க வீட்டில்கூட விவரம் தெரியாமல் அவளுக்குத் தண்ணீர் இறங்காது.

"அண்ணனுக்கு எம்மாம் பெரிய மனசுக்கா! யாருக்காகவோ பொய் சொல்லியிருக்காரே. ஒங்களுக்காக எப்பவாச்சும் ஒரு பொய் சொல்லியிருக்காரா?"

இருபத்தாறு வருஷம். தீபாவளிக்குத் தீபாவளி புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றிருக்கிறாள், எப்படி இருக்கு என்று. ஒரு வருஷம்கூட அந்த மனுஷன் ஒப்புக்காவது...

"சொல்லுங்கக்கா."

"தண்ணிய ஊத்துடி" என்றாள் நீலாவதி.