பெட்டிக்குள் காணாமல் போனவை

பெரியகருப்பன் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கம்பளியை, அவன் காய்ச்சலில் செத்த மறுவாரம் மனைவி அமிர்தவல்லி தகரப்பெட்டியில் மடித்து வைத்தாள். பூச்சி அரிக்காமலிருக்க மடிப்புக்குள் பன்னிரண்டு அந்துருண்டைகளைப் போட்டுப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கவேயில்லை. அப்போது அவளுக்கு மூன்று மாதம்.

மார்கழிக் குளிரில் ஆண் பிள்ளை பிறந்தது. ஏழாம் நாள் பெட்டியைத் திறந்தாள். கம்பளி வைத்தது வைத்தபடி இருந்தது. உருண்டை ஒன்றுகூட இல்லை. தூள் இல்லை, ஈரமில்லை, கறையில்லை. வாசம் மட்டும் முகத்தில் அடித்தது.

"பூட்டு பூட்டினபடி இருக்கு. யாருக்கா எடுத்தா?"

பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த அக்கா காத்தாயி குரலைத் தாழ்த்தினாள். "ஒம் புருசன்தான். பிள்ளையப் பாக்க வந்திருக்கு."

அமிர்தவல்லிக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பிள்ளையை அந்தக் கம்பளியிலேயே சுற்றினாள்.

சுற்றிய மூன்றாம் நாள் பிள்ளையின் கண் மஞ்சளாயிற்று. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது. பாலுக்கு வாய் திறக்கவில்லை.

"கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கு. பூசாரியக் கூப்பிடுறேன்" என்று காத்தாயி எழுந்தாள்.

"அவுக பிள்ளைய எடுக்க மாட்டாக" என்ற அமிர்தவல்லி, பச்சை உடம்போடு பிள்ளையைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு குன்றாண்டார்கோவிலில் பஸ் ஏறினாள். காத்தாயியும் பின்னாலேயே ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

புதுக்கோட்டையில் டாக்டர் ஆத்மநாதன் பிள்ளையைத் தொடுமுன் கம்பளியை முகர்ந்தார். உடனே அதை உருவி வெளியே போடச் சொன்னார்.

"அந்துருண்டை போட்டிருந்தீங்களா?"

"போட்டேங்க. பூட்டின பெட்டியில காணாமப் போயிருச்சு."

"காணாமப் போகலம்மா. அது தண்ணியா உருகாது, அப்பிடியே ஆவியாயிரும். கம்பளிக்குள்ள ஏறிக்கிட்டு இருந்திருக்கு. சில பிள்ளைங்க ரத்தம் அதத் தாங்காது, ஒடைஞ்சு போகும். ஒங்க வழியில வேற எந்தப் பிள்ளைக்காச்சும் இப்பிடி வந்துச்சா?"

"இல்லீங்க."

காத்தாயி வெளியே கிடந்த கம்பளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைக்கு வேறு ரத்தம் ஏற்றினார்கள். நாலாம் நாள் அது வீறிட்டு அழுது பால் குடித்தது. காத்தாயி கட்டிலுக்கு அங்கிட்டே நின்றிருந்தாள்.

"எம் பிள்ளைய முனி அடிச்சிருச்சுன்னு சொன்னாகல்ல" என்றாள் மெதுவாக. "அந்துருண்டை போட்டுப் பெட்டியில கெடந்த எங் கல்யாணச் சேலையிலதான் அவனச் சுத்தியிருந்தேன். அவனுக்கும் கண்ணு மஞ்சளாத்தான் இருந்துச்சு. அஞ்சே நாள்ல போயிட்டான்."

அமிர்தவல்லி தன் பிள்ளையை அவளிடம் நீட்டினாள்.

"வேணாம்டி" என்று காத்தாயி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "எங் கையில இன்னும் அந்த வாசம் வருது."

வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்தாள். நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டும் எழவில்லை, கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.