கடைசிப் படியில் நின்ற பில்ட்

மூல நிரலை இயங்குதளமாக்கும் பில்ட் மூன்றாவது தடவையும் கடைசிப் படியில்தான் செத்தது. திரையில் ஒரு சிவப்பு வரி. குல்நூஷ் அதைப் படிக்கக்கூட இல்லை. அதுவரை கம்பைல் ஆகியிருந்ததையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு எழுந்து, ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸுக்கு இரண்டே நாள். யஸ்து நகரப் பேருந்துகளின் டிக்கெட் கருவிகளுக்கான இயங்குதளத்தை மூல நிரலிலிருந்து இங்கே இஸ்ஃபஹானிலேயே தயாரிக்கலாம் என்று நிறுவன இயக்குநரிடம் அடித்துப் பேசியவள் அவள். இன்று ஐந்து மணி பேருந்தில் டிஸ்க் யஸ்துக்குப் போகாவிட்டால், விடுமுறை முடிந்ததும் யஸ்துக்காரர்கள் வேறெங்காவது ஆயத்தமாக இருப்பதை வாங்கிக்கொள்வார்கள். அவளுக்கும் வேலை இருக்காது.

"மெமரிதான் கோளாறு, பெஹ்ராங். உங்க ஓட்டை சர்வர்!"

பக்கத்து மேசையில் சர்வரைக் கவனிக்கும் பெஹ்ராங் சூரியகாந்தி விதையின் தோலைக் கோப்பையில் துப்பினான். "மெமரின்னா தடவைக்கு ஒரு இடத்துல சாகும், குல்நூஷ் மேடம். இது சொல்லிவச்ச மாதிரி ஒரே இடத்துல சாகுது. அந்தச் சிவப்பு வரியைப் படிச்சீங்களா?"

படித்தாள். 'வெளியீட்டுத் தேதி 1970க்கு முந்தையது. செல்லாது.'

தேதிக் கோப்பைத் திறந்தாள். 1403, பன்னிரண்டாம் மாதம், இருபத்தெட்டு. இன்றைய தேதிதான். ஆனால் அது வீட்டில் தொங்கும் ஈரானிய நாட்காட்டியின் தேதி. கணினிக்கு வேண்டியது ஆங்கிலத் தேதி; அதற்குக் காலமே 1970இல்தான் தொடங்குகிறது.

"ஐயோ, நான்தான்! லீவு ஃபார்ம் எழுதின கையோட இதுலயும் எழுதிட்டேன்."

பெஹ்ராங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தைமூர் காலத்துக்கா பஸ் டிக்கெட் அனுப்பப் பார்த்தீங்க? சரி, திருத்துங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்ல, கடைசிப் படி அஞ்சு நிமிஷம்."

"துடைச்சிட்டேன்."

அவன் சிரிப்பு நின்றது. மணி இரண்டரை. முதலிலிருந்து ஓட இரண்டு மணி நேரம் வேண்டும். பேருந்து நிலையம் அரைமணி தூரம்.

தேதியைத் திருத்தி பில்டை ஓடவிட்டாள். உட்கார முடியவில்லை. யஸ்து பேருந்தின் ஓட்டுநருக்குப் போன் போட்டு, கொஞ்சம் காத்திருக்க முடியுமா என்று கேட்டாள்.

"நீங்க சொன்னா விடியிற வரைக்கும் நிப்பேன், தங்கச்சி. பஸ்ஸே உங்களுதுதான்."

"உபசாரப் பேச்செல்லாம் வேண்டாம் அண்ணே. நிஜமா எத்தனை நிமிஷம்?"

"பத்து."

நாலு முப்பத்திரண்டுக்கு பில்ட் முடிந்தது. டிஸ்க்கில் இறங்கியதும் பிடுங்கிக்கொண்டாள்.

"இங்க இருக்கிற கருவியில ஏத்திப் பார்க்காமலா போறீங்க?"

"இதோட நகல் உங்ககிட்ட இருக்கே, நீங்க பாருங்க!"

பேருந்து நிலையத்தில் ஓட்டுநர் இன்ஜினை முடுக்கிவிட்டு, பேருந்தின் வாசலிலேயே நின்றிருந்தார். டிஸ்க்கை வாங்கி உள்சட்டைப் பையில் வைத்தார். பேருந்து நகர்ந்தது. மணி ஐந்து எட்டு. இனி ஓட வேண்டியதில்லை என்று கால்களுக்குத் தெரியவில்லை. நடைமேடையில் மேலும் கீழும் நடந்தாள்.

போன் அடித்தது.

"ஏறிடுச்சு!" என்றான் பெஹ்ராங். "கருவி ஓடுது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இயக்குநர் பக்கத்துல நிக்கிறார். ஏன் இவ்வளவு நேரமாச்சுன்னு கேக்கிறார். சர்வர் மேல போட்டுடவா?"

அவள் நடையை நிறுத்தினாள்.

"வேண்டாம். போனை அவர்கிட்ட குடுங்க."