மண்புழுவோடு பேரம்

அந்த நிலத் தரகரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்தால் போதும், அதன் வில்லங்கம், விற்பவனுடைய அவசரம் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவரேதான்.

இப்போது சொந்தத் தங்கைக்கே ஒரு மனை பார்த்திருந்தார். முன்பு பூச்சிமருந்துக் கிடங்கு இருந்த இடம். இடித்து முப்பது வருஷமாகி, இடுப்பளவு புல் வளர்ந்து கிடந்தது. கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம், பின்னால் தோட்டம் போட இடம். விற்பவன் ஒரே பேச்சில் இறங்கி வந்தான். தங்கைக்கு இரண்டு பிள்ளைகள், மண்ணைக் கண்டால் உட்கார்ந்துவிடும் வயசு. அண்ணன் சரி என்றால் குடும்பத்தோடு குடிவர அவள் தயார். கத்தரிச் செடி வைக்கப் போகிறோமே, மண்ணைச் சோதித்து ஒரு காகிதம் மட்டும் வாங்கிவிடு என்றாள். அதற்கென்ன என்று வாளியில் மண்ணோடு மூக்கர் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

அங்கிருந்த அதிகாரியம்மா ஒரு நீளக் கண்ணாடித் தொட்டியை எடுத்து வைத்தார். நடுவில் ஒரு தகடு. ஒரு பக்கம் மூக்கர் கொண்டுவந்த மண், மறுபக்கம் ஆய்வுக்கூடத்துச் சுத்தமான மண். தகட்டை உருவிவிட்டு, அந்தக் கோட்டின் மேல் பத்து மண்புழுக்களை விட்டு மூடினார். இரண்டு நாள் கழித்து எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணுவார்களாம். தன் தொழிலுக்குப் புழுக்கள் பரீட்சை வைக்கும் காலம் வந்துவிட்டதே என்று மூக்கர் வாசல் வரை சிரித்துக்கொண்டே போனார்.

இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால், பத்தும் சுத்தமான மண் பக்கம்.

மூக்கர் அசரவில்லை. சாம்பிளில் நடக்கும் தில்லுமுல்லு அவருக்குப் புதிதா என்ன? ஜன்னல் வெளிச்சத்துக்குப் பயந்து ஓடியிருக்கும் என்றார். அதிகாரியம்மா வாக்குவாதம் செய்யாமல் மண்ணை இடம் மாற்றிக் கொட்டி, வேறு பத்துப் புழுக்களை விட்டார். மறுபடி பத்துக்குப் பத்து. இந்த முறை வெளிச்சம் விழுந்த பக்கத்துக்கே போயிருந்தன.

மூக்கர் விடவில்லை. உடனே தெரிந்த வித்தையில் இறங்கினார். சரக்கு மட்டமென்றால் கலந்து விற்பதுதானே? மனையில் நல்ல மண்ணைக் கொட்டிக் கிளறிவிட்டால்? பாதிக்குப் பாதி கலந்து பார்க்கச் சொன்னார். பத்தும் சுத்தமான பக்கத்துக்கே போயின. முக்கால் பங்கு நல்ல மண் என்றார். ஒன்பது போயின. பத்தில் ஒரு பங்கு மட்டும் அந்த மண் என்று அடிமட்டத்துக்கு வந்தார்.

இந்த முறை உடனே வீட்டுக்குப் போகவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொட்டி அருகிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு புழு ஊர்ந்து வந்தது. அதன் நுனி அந்த மண்ணைத் தொட்டது, நின்றது, மேலே தூக்கியது. ஒரு நிமிஷம் அப்படியே யோசிப்பது போல ஆடிவிட்டு, வந்த வழியே திரும்பியது. கண் கிடையாது, காது கிடையாது, மூக்கும் கிடையாது. உடம்பு முழுக்கத் தோல்தான், அந்தத் தோலாலேயே மோந்து, ருசி பார்த்து, மூச்சும் விடுகிறது என்றார் அம்மா. மூக்கர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்து எண்ணியபோது ஏழு போயிருந்தன. மூன்று கலந்த மண்ணிலேயே இருந்தன.

"பார்த்தீங்களாம்மா, மூணு பேரு படிஞ்சுட்டாங்க."

அம்மா அந்த மூன்றையும் கழுவி ஈரத்தாளில் வைத்தார். அங்கங்கே வீங்கியிருந்தன. பிரஷ்ஷால் தொட்டார். ஒன்றுகூடச் சுருளவில்லை.

"படியலைங்க. மருந்து கம்மியா இருந்ததால உடனே உறைக்கல. உறைச்சப்போ நகர முடியல."

"முப்பது வருஷ மழை கழுவியிருக்குமேம்மா?"

"இது மழைக்குக் கரையாது, சீக்கிரம் மக்கவும் மக்காது. கிடங்கு போச்சு, முதலாளி போயிட்டாரு. இது மட்டும் காலி பண்ணாம குடியிருக்கு."

மூக்கர் அந்த மூன்றையும் பார்த்தபடியே இருந்தார். விற்பவன் ஒரே பேச்சில் இறங்கியது இப்போதுதான் நினைவில் நெருடியது. புழுக்கள் ஐந்து தடவை பேசியும் இறங்கவில்லை.

செல்போன் அடித்தது. தங்கை.

"என்ன அண்ணா, உன் மூக்கு என்ன சொல்லுது?"

"என் மூக்கு நல்லாயிருக்குன்னுதான் சொல்லுச்சும்மா. ஆனா மூக்கே இல்லாதவங்க வேணாம்னு சொல்லிட்டாங்க. வேற இடம் பார்க்கறேன்."

"அது யாரு, உன்னையே மாத்திப் பேச வச்சவங்க?"

தொட்டியின் மறுகோடியில், சுத்தமான மண்ணில், ஏழும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. மூக்கர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பெரிய ஆளுங்கம்மா" என்றார், நின்றபடியே.