நாரை மூக்கு எந்தப் பக்கம்

அந்த நாட்டில் தேசியக் கொடி என்றால் நீலமும் வெள்ளையும். பெட்டிக்கடைக்காரர் முதல் பல் டாக்டர் வரை யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். அதே நீலம் வெள்ளைக்கு நடுவில் சாவியைக் கவ்விய நாரை ஒன்று நின்றால் அது அரசுக் கொடி; அரசாங்க அலுவலகம் தவிர வேறெங்கும் பறக்கக் கூடாது. வித்தியாசம் அவ்வளவுதான், ஒரு நாரை. அதை உள்ளே வைத்து மடித்துவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

தையல்காரம்மாவுக்கும் தெரியவில்லை. காற்றில் ஓரம் கிழிந்த கொடிகள் இரண்டையும் தைத்து, மடித்து, காலையில் ஒன்றைப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்திலும் மற்றதை நாலு கடை தள்ளியிருந்த சலூனிலும் கொடுத்துவிட்டு வந்தாள். பத்து மணிக்கு மிஷினிலிருந்து நிமிர்ந்தால், சலூன் வாசலில் நாரை பறக்கிறது!

 திரைச்சீலை, சீருடை, கொடி என்று அலுவலகத்தின் தையல் வேலை முழுக்க அவள் கையில்தான். பதினோரு மணிக்கு மேலதிகாரி சோதனைக்கு வருகிறார். கொடி மாறியதைப் பார்த்தால் அந்த வேலை போயே போச்சு.

அலுவலகத்துக்கு ஓடி வெறுங்கொடியை இறக்கினாள்.

"இன்னிக்கு ஒரு ஆள்கூட வரலையேம்மா," என்று கொட்டாவி விட்டார் குமாஸ்தா. "நேத்து யாருமே பொறக்கலியா?"

பிறந்தவர்கள் எல்லாம் சலூனில் இருந்தார்கள். நாரையை நம்பி விண்ணப்பத்தோடு வந்த கூட்டம். நாற்பது பேர்தான், அவள் பதற்றத்துக்கு நானூறு. சும்மா காத்திருப்பானேன் என்று ஒவ்வொருவராக முடி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா பேர்ல ஒரு எழுத்து கூடிப்போச்சுங்க."

"உக்காருங்க, எடுத்துடலாம்," என்று கத்தரியைச் சொடுக்கினார் சலூன்காரர்.

அவர் வேறு யாருமில்லை, தையல்காரம்மாவின் மகளுக்கு மாமனார்.

"சம்பந்தி, அந்தக் கொடியைக் குடுத்துடுங்க. மாறிப்போச்சு."

"குடுத்ததே நீங்கதானே சம்பந்தியம்மா! பொண்ணையும்தான் குடுத்தீங்க, திருப்பியா கேட்டீங்க?"

"என் பொண்ணு நாரை இல்லீங்க."

"கழுத்து கொஞ்சம் நீளம்தான். இன்னிக்கு ஒரு நாள் பறக்கட்டுமே. கூட்டத்தைப் பாருங்க!"

பெண்ணைக் கொடுத்த இடம். சண்டை போட முடியாது; இறக்கிய வெறுங்கொடியோடு வாசலிலேயே நின்றாள்.

அப்போது ஒல்லியான ஒருவர் கைப்பெட்டியோடு வந்தார். கொடியை அண்ணாந்து பார்த்துவிட்டு நேரே உள்ளே நுழைந்தார்.

"பதிவு அலுவலகம்..."

முடிப்பதற்குள் அவரை நாற்காலியில் அமுக்கி, வாய் வரை நுரை அப்பியாயிற்று. அதன்பிறகுதான் சலூன்காரர் கைப்பெட்டியைக் கவனித்தார். அதிலும் ஒரு நாரை, தங்க முலாமில்! அவர் முகம் அந்த நுரையைவிட வெளுத்தது. கொடியை மாற்றும்படி சம்பந்தியம்மாவிடம் கண்ணாலேயே கெஞ்சினார்.

அவள் முக்காலியில் ஏறி நாரையை அவிழ்த்து, வெறுங்கொடியைக் கட்டினாள்.

"அம்மா," என்றது நுரை. "இங்கே சுவரெல்லாம் கண்ணாடி."

முக்காலி ஆடியது.

"தப்பு என்னோடதுதாங்க ஐயா..."

"கட்டுறப்போ நாரை மூக்கு கம்பத்தைப் பார்க்கணும். பாதி ஊர்ல தெருவை வேடிக்கை பார்க்குது."

"ஐயா?"

"நான் ஆபீஸ்ல கால் வச்ச பிறகுதான் சோதனை ஆரம்பம். இங்கே எனக்கு இன்னும் அரைக் கன்னம் பாக்கி இருக்கு."

நாரையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பறந்தாள். சலூன்காரரோ பிளேடை மாற்றினார், கிருதாவை அளந்தார், துண்டை உதறினார். ஒவ்வொரு முடியிடமும் தனித்தனியாக அனுமதி கேட்டு மழித்தார். அந்த அரைக் கன்னம் முடிவதற்குள் வரிசையில் நின்ற கைக்குழந்தைக்கே மீசை முளைத்திருக்கும்.

அதிகாரி வெளியே வந்தபோது, நாலு கடை தள்ளி நாரை கம்பத்தையே முறைத்துக்கொண்டு பறந்தது. அவர் அதை நோக்கி நடந்தார். பின்னாலேயே விண்ணப்பங்களோடு நாற்பது பேர், முழுசாக வெட்டியவர்களும் பாதி வெட்டியவர்களுமாக, ஊர்வலம் போனார்கள்.