ரசீது இல்லாத மாவு

தலைநகர் லிலோங்வேயில், நாடாளுமன்றக் குழு அறையில் உணவுப் பாதுகாப்பு முகமையின் பட்ஜெட் விசாரணை நடந்தது. நாட்டில் விற்கும் நிலக்கடலை மாவில் அநேகமாக எதிலும் பூஞ்சை நச்சு இல்லை என்று இயக்குநர் ந்யிரோங்கோ படித்தார். மாவைச் சோதித்த தடாலா அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"சந்தை மாவும் சேர்த்துத்தானே, தம்பி?" என்று குழுத் தலைவி சிசாலே கேட்டார்.

இயக்குநர் திரும்பித் தடாலாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"எல்லாம் சேர்த்துத்தான், அம்மா."

"அப்பாடா! என் பேரன் கஞ்சில அந்த மாவுதான். நீங்க கேட்ட நிதியைத் தரலாம். பயப்படாம வாங்குங்கன்னு சாயங்காலம் ரேடியோவுல நானே சொல்லிடறேன்."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். தடாலா எழுந்து நின்றாள்.

"அம்மா, நான் பொய்யாத் தலையாட்டிட்டேன். சந்தை மாவை நாங்க சோதிக்கவே இல்ல. சூப்பர் மார்க்கெட்ல மட்டும்தான் வாங்கினோம்."

"அடிப்பாவி! ஏன்?"

"சந்தைல ரசீது தர மாட்டாங்க. ரசீது இல்லாத செலவை ஒத்துக்க மாட்டோம்னு போன வருஷம் சொல்லிட்டாங்க."

"எந்த முட்டாள் சொன்னான்?"

தடாலா தரையைப் பார்த்தாள். "இந்தக் குழுதான், அம்மா."

மேசையைத் தட்டிய கைகள் மடிக்குப் போயின. சிசாலே மைக்கை அணைத்துவிட்டு, "அந்த விதியை எழுதினது நான்தான்" என்றார்.