உள்பக்க விரிசல்

அவள் செயற்கைக் கால் செய்பவள். சலூன் வைத்திருக்கும் அவள் தம்பி நடப்பதும் அவள் செய்துகொடுத்த காலில்தான். அன்று காலை தம்பி மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, அவர் கால் உடைஞ்சிடுச்சு. நீங்க செஞ்ச கால்!"

அடித்துப் பிடித்து ஓடினாள். தம்பி சலூன் தரையில் உட்கார்ந்திருந்தான். நாற்காலியில் ஒரு பெரியவர், பாதி முகத்தில் நுரையோடு, தொண்டையைப் பிடித்தபடி சிலையாக இருந்தார்.

"கத்தி இவர் கழுத்துல இருந்துச்சுக்கா." தம்பி சொன்னான். "லேசாத் திரும்பினேன். படக்குன்னு ஒரு சத்தம். விழுறப்பவே கத்தியை அந்தப் பக்கம் வீசிட்டேன். இல்லேன்னா..."

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா," என்ற பெரியவர் மறுபடியும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

தொடையைச் செருகும் குழல் பகுதி இரண்டாகப் பிளந்து கிடந்தது. துணி அடுக்குகளில் ரெசின் என்ற பிசினை ஊற்றி இறுகவைத்து அவள் செய்தது.

"எங்கேயாவது விழுந்தியா?"

"இல்லக்கா. போன வாரம் ஸ்டூல் சாஞ்சு லேசா இடிச்சுது. தொடைச்சுப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்ல."

உள்ளே ஒட்டியிருந்த மெத்தையை உரித்தாள். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெள்ளையாக விரிசல். அடுக்குகள் பிரிந்து நின்றன.

இரண்டு மாதத்துக்கு முன்புதான் ரெசினை மாற்றியிருந்தாள். பழையது கொஞ்சம் வளையும். தம்பியின் காலுக்கு ஊற்றிய புதியது கல் மாதிரி கெட்டி, நல்ல பளபளப்பு. கெட்டியாக இருந்தால் உழைக்கும் என்று நம்பிவிட்டாள்.

பட்டறைக்குப் போய், பழையதில் செய்த குழல் ஒன்றையும் புதியதில் செய்தது ஒன்றையும் எடுத்துவைத்தாள். முழங்கால் உயரத்திலிருந்து இரும்புக் குண்டை இரண்டின் மேலும் நழுவவிட்டாள். வெளியே இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. ரம்பத்தால் அறுத்தாள். பழையது வளைந்துகொடுத்து அடியைத் தாங்கியிருந்தது. புதியதன் உள்பக்கம் நொறுங்கிக் கிடந்தது.

அதே ரெசினில் இன்னும் எட்டுப் பேருக்குக் கால் கொடுத்திருந்தாள். ஒவ்வொருவராக அழைத்தாள். நாலாவது ஆள் ஒரு டீச்சர்.

"எங்க இருக்கீங்க டீச்சர்?"

"ஸ்கூல் மாடிப்படி இறங்கிட்டிருக்கேன். ஏன் உனக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"உக்காருங்க. அந்தப் படியிலேயே உக்காந்து காலைக் கழட்டிடுங்க. நான் வர்றேன்."

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"மேல தெரியாது டீச்சர்."

மாலைக்குள் எட்டுக் கால்களும் பட்டறைக்கு வந்துவிட்டன. மூன்றில் விரிசல். டீச்சருடையதில் விரலளவு இடம்தான் பிரியாமல் ஒட்டியிருந்தது. ஒரு தையற்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

"என்னோடதைக் கடைசியாச் செய்யுக்கா," என்றான் தம்பி.

மறுநாள் டீச்சரின் காலுக்குப் பழைய ரெசினைக் கலக்கினாள். இரண்டு தடவை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஊற்ற முடிந்தது.